மிச்ச நூலைத் திருப்பிக் கொடுத்தவர்

ஒரு யோக்கியரோடு ஒரே வீட்டில் எட்டு மாதம் இருந்து பார்த்தவனுக்குத்தான் திருடர்கள் எவ்வளவு அனுசரணையானவர்கள் என்பது தெரியும். நான் இருந்து பார்த்தவன். அந்த யோக்கியர் என் மனைவியின் அண்ணன். மூன்றரை வருஷம் வேலூரில் ஜெயிலில் இருந்துவிட்டு, இனிமேல் பொய்யும் கிடையாது, திருட்டும் கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தியம் அவருடையது, அவஸ்தை என்னுடையது.

பெயர் வேண்டாம். மச்சான் என்றே சொல்கிறேன். அப்படித்தான் நான் அவரைக் கூப்பிட்டேன், நல்ல கோபத்தில் இருந்தபோதும்கூட.

அரிசிக்குக் கடை வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான் நெய்தேன். அப்பா உட்கார்ந்த தறி அவர் போனபிறகு சும்மா கிடந்தது. அதை அண்ணனுக்குக் கொடுக்கும்படி என் மனைவி கேட்டாள். அவரும் நெசவுக் குடும்பம்தான். இடையில் புத்தி கெட்டு ஒரு துணிக்கடையின் பின்கதவைப் பெயர்த்துவிட்டார். எங்களுக்குப் பட்டு கொடுக்கும் முதலாளி நாலு மாதம் யோசித்துவிட்டு, "நீதான் பொறுப்பு" என்று என்னிடம் சொல்லி அவருக்கு ஒரு பாவு, அதாவது மூன்று புடவைக்கான நீள நூல், கொடுத்தார். அந்த நாலு மாதமும் மச்சான் ஊரில் என்ன செய்தார் என்று கேட்டால், தான் திருடன் என்பதை ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாளே நான் எச்சரித்திருந்தேன். "எங்க இருந்தேன்னு யாராச்சும் கேட்டா, வேலூர்ல ஒரு வேலையா இருந்தேன்னு சொல்லுங்க மச்சான். அதுல பொய்யும் இல்ல." தலையை ஆட்டினார். டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் புது முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலூர்ல இன்னா வேலபா?" என்று கேட்டார்.

"கம்பி எண்ற வேல" என்றார் மச்சான்.

கடைக்காரர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து அதை அப்படியே முடித்துவிடப் பார்த்தேன். மச்சான் விடவில்லை. "சிரிக்காத நைனா. நெசமாத்தான் சொல்றேன். துணிக்கடைல பூந்து திருடினேன். மூணரை வருஷம் உள்ள இருந்தேன்." அதற்குப் பிறகு நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கையிலிருந்த கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது வாசற்படியில் நின்று மேல்துண்டை இரண்டு பக்கமும் உதறுவார். இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுருக்குப் பையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுவார். "பாத்துக்கங்க, ஒண்ணும் எடுக்கல" என்பார். அந்த வீட்டுக்காரர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி, பார்க்காவிட்டால் அவர் நகரமாட்டார். எதிர்சாரியில் ஒரு சாவு விழுந்தது. கூட்டிக்கொண்டு போனது என் தப்பு. அழுதுகொண்டிருந்த அந்த அம்மாளின் முன்னால் நின்று துண்டை உதறினார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "சரிபா, சரிபா, போ" என்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "எங்க அண்ணன் ஒண்ணும் எடுக்கலியே" என்றாள். எடுத்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெருமாள் கோயிலில் ஒருநாள் பிரசாதமாக இட்லித் துண்டு கொடுத்தார்கள். மிளகும் சுக்கும் போட்ட அந்தக் கோயில் இட்லி இவர் கையில் இரண்டு துண்டாக விழுந்துவிட்டது. பாதி தூரம் நடந்து வந்தபிறகுதான் கவனித்தார். திரும்பிப் போனார். நானும் போனேன், வேறு வழியில்லை. பட்டாச்சாரியார் நடை சாத்திக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்கு ஒண்ணுதான். ஒண்ணு கூட வந்துடுச்சு."

"பிரசாதத்தைத் திருப்பி வாங்கற வழக்கமே கெடையாதுய்யா. சாப்பிட்டுட்டுப் போ."

"நீங்க பாத்துக் குடுத்தீங்களா, பாக்காம குடுத்தீங்களா?"

பட்டாச்சாரியார் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். "பாத்துதான் குடுத்தேன், தெரிஞ்சுதான் குடுத்தேன், ஆளை விடு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலில் வேலை செய்கிறவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, இவர் திருப்தியாக இரண்டாவது துண்டைத் தின்றார்.

ஒருமுறை பொறுக்கமுடியாமல் கேட்டேன், இப்படியெல்லாம் செய்யச் சொல்லி யார் கேட்டது என்று. தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உள்ள இருக்கசொல்ல காலைல ஒருவாட்டி எண்ணுவாங்க, சாயங்காலம் ஒருவாட்டி எண்ணுவாங்க மாப்ளே. எண்ணி முடிச்சா அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இங்க யாரும் என்ன எண்ண மாட்டேங்கறாங்க. மனசுக்குள்ளயே எண்ணிக்கினு இருக்காங்க. அதான் நானே காட்டிடறேன்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது.

என் தங்கைக்கு வரன் வந்தது. பையனின் அப்பா எங்கள் முதலாளியிடம் மேஸ்திரி. வீடு வீடாகப் போய்த் தறியில் ஓடும் வேலையைப் பார்த்துவரும் பொறுப்பு அவருடையது. நல்ல இடம். பெண் பார்க்க வரும் அன்று மச்சானைப் பின்கட்டில் உட்கார வைத்து, "இன்னிக்கு ஒருநாள் மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் மேஸ்திரி கை கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டார். "அய்யா யாரு?" என்று அவர் கேட்டது எனக்குக் கூடத்தில் கேட்டது. மச்சான் வாயை இறுக்க மூடிக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். ஊமையோ என்று நினைத்து மேஸ்திரி, "அடப்பாவமே, பொறந்ததுலேந்தா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பொய் தன்மேல் ஒட்டிக்கொள்வதை மச்சானால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊமை இல்லை என்பதில் ஆரம்பித்துத் துணிக்கடைக் கதவு வரைக்கும்.

போயிற்று என்று நினைத்தேன். மேஸ்திரி துண்டில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுச் சொன்னார். "ஜெயிலுக்குப் போனதையே வாய்விட்டுச் சொல்ற ஊடு. இதுல மறைக்கறதுக்கு வேற இன்னா இருக்கப்போவுது? எனக்குச் சம்மதம்."

தை மாதம் என்று பேசி முடித்தோம். மச்சானால் நடந்த கல்யாணப் பேச்சு என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். நான் மட்டும் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் மறைக்க ஒன்று இருந்தது.

எங்கள் தொழில் வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். முதலாளி பட்டை நிறுத்துக் கொடுப்பார், நெய்த புடவையை நிறுத்து வாங்குவார். அறுந்தது, வெட்டியது, நூல் சுற்றும் தார்க்குச்சியில் ஒட்டி நின்றது என்று நடுவில் கொஞ்சம் குறையும். அதற்குச் சேதாரம் என்று பெயர். அதை முதலாளி கேட்கமாட்டார், நெசவாளி சொல்லமாட்டான். அது எல்லார் வீட்டிலும் ஒரு பானைக்குள் போய்ச் சேரும். உண்மையைச் சொன்னால், பானையில் இருப்பதில் மிஞ்சியது பாதி, மிஞ்ச வைத்தது பாதி. புடவையைத் தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் ஒரு நாள் வைத்தால் பட்டு ஈரம் குடித்து எடை நிற்கும். ஐப்பசி மழையில் அதுகூட வேண்டாம், அந்த மாதம் பாளையம் முழுக்க யோக்கியர்கள்தான்.

எங்கள் வீட்டுப் பானை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. மூன்று வருஷத்து அரக்கு நூல். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள், ஆனால் பெண்ணழைப்புக்குப் பிறந்த வீட்டுப் பட்டு ஒன்று வேண்டும். பாவுக்கு மட்டும் பட்டு வாங்கிவிட்டு, குறுக்கே ஓடும் ஊடைக்கு அந்த மிச்ச நூலையே ஓட்டிவிடலாம் என்று வைத்திருந்தேன். தங்கை மத்தியானங்களில் துண்டு துண்டாக முடிச்சுப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். மச்சான் அதைப் பார்த்துவிட்டார்.

"மொதலாளி நூலா மாப்ளே?"

"சேதாரம் மச்சான். எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்."

"அப்ப ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லிட்டு எடுத்துக்கோயேன். தங்கச்சி கல்யாணம்னா இல்லேன்னுடுவாரா?"

"எவ்ளோ நாளா எடுக்கறேன்னு கேப்பாரே."

"அதுக்கும் பதில் சொல்லிடு."

அவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். அதற்குப் பிறகு தினமும் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்து, "சொல்லிட்டியா?" என்று கேட்பார். வாயில் பல்பொடி இருப்பதால் என்னால் திட்டவும் முடியாது.

அமாவாசை அன்று எங்களுக்குத் தறி ஓடாது. நெய்ததை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவோம். அந்த அமாவாசைக்கு மச்சானின் பாவு முடிந்திருந்தது. மூன்று புடவை, குறை சொல்ல முடியாத வேலை. கொடுத்துவிட்டு வருவார் என்று பார்த்தால், செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். முதலாளி பிரித்தார். உள்ளே அறுந்த நுனி, வெட்டிய முடிச்சு, விரற்கடை ஜரிகை என்று ஒன்று விடாமல் இருந்தது.

"இது இன்னாபா?"

"மிச்சங்க. உங்க நூலு."

நாங்கள் பதினைந்து பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். முதலாளி பொட்டலத்தைத் தூக்கித் தராசில் வைத்தார், முள்ளைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஒருவன் உத்தரத்தைப் பார்த்தான், ஒருவன் காலண்டரைப் பார்த்தான். "ஏம்பா, இத்தினி வருஷமா உங்க வீட்லல்லாம் நூலு மிஞ்சறதே இல்லியா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரன் என் சைக்கிளை நிறுத்தினான். "ஒன் மச்சான் ஒருத்தன் யோக்கியனாவறதுக்கு நாங்க பதினஞ்சு பேர் திருடனாவணுமா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

மூன்றாம் நாள் முற்பகலில் முதலாளியும் மேஸ்திரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீடு வீடாக நூல் தேடக் கிளம்பியதில் தெருவில் முதல் வீடு எங்களுடையது. முதலாளி முக்காலியில் உட்கார்ந்தார். சம்பந்தி ஆகப்போகிற மேஸ்திரி அவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு தறியும் நின்றன. பானை வெளியே வந்தால் என் தறி போகும், அதோடு தங்கையின் கல்யாணமும் போகும். மறைக்க ஒன்றுமில்லாத வீடு என்றுதானே அந்த மனிதர் பெண் எடுக்க வந்தார்.

முதலாளி என்னைக் கேட்கவில்லை. மச்சானைப் பார்த்து, "ஒன்னத்தான் கேக்கலாம். நீ பொய் சொல்லமாட்ட. இந்த ஊட்ல என் நூலு இருக்குதா?" என்றார்.

எந்தக் கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிற மச்சான், திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்து, அதில் நூல் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"இருக்குதுங்க. அரிசிப் பானைக்குப் பின்னால. நான் எடுத்து வெச்சதுங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரும்மா" என்றார் மச்சான். அவர் தங்கையை அதட்டி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். என் தங்கை பானையைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய சாயப் பட்டறையில் ஒரே ஒருமுறை விழுந்த அரக்கு அதில் இருந்தது. அந்த நிறம் மறுபடி வரவேயில்லை என்று அவரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நூலை நேற்றைக்குத் தறியில் உட்கார்ந்தவன் எடுத்திருக்க முடியாது. ஒரு பட்டு முதலாளிக்கு அது தெரியாதா? என்னைப் பார்த்தார். நான் நாடாவைக் கீழே வைக்கவில்லை.

மேஸ்திரிதான் பேசினார். "திருட்டுக் கை எங்க திருந்தும் மொதலாளி? இந்தாள வெளிய அனுப்பிடட்டும். நம்ம சம்பந்தத்துக்கு ஒண்ணும் கொறயில்ல." முதலாளி கொஞ்ச நேரம் அந்த நூலையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். மற்ற வீடுகளுக்கு அவர் போகவில்லை. திருடன் கிடைத்துவிட்டான் என்று தெருவே மூச்சு விட்டது. எட்டு மாதமாக அவர் சொன்ன நிஜங்களைக் கேட்டு நெளிந்தவர்கள், இந்த ஒரு பொய்யை உடனே நம்பினார்கள்.

மத்தியானச் சோற்றுக்குக்கூட இருக்காமல் மச்சான் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன், அதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டார் என்று மனைவியிடம் பலமுறை சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் முன்பு முதலாளி ஆள் அனுப்பி ஒரு பட்டுப் புடவை கொடுத்தார். நல்ல அரக்கு, நான் நெய்திருந்தாலும் அப்படி வந்திருக்காது. பெண்ணழைப்புக்குத் தங்கை அதைத்தான் உடுத்தினாள். கேட்டால் இல்லேன்னுடுவாரா என்று மச்சான் சொன்னது சரியாகப் போயிற்று. அதுவும் எனக்கு எரிச்சல்தான். எதிரில் நிற்கும்போதுதான் ஜெயிக்கிறார் என்றால், இல்லாதபோதும் அவரே ஜெயிக்கிறார்.

மச்சான் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நயினார் வீட்டில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரியவந்தது. பங்குனி மாதம் ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லத்தான் போனேன். வேர்க்கடலைக் கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். ஜைனர் வீடு, விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அஞ்சு மணிக்கே பசி எடுக்கப் பழகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"போகாத."

"ஏன் மச்சான்? உண்மையச் சொல்லு சொல்லுன்னு உயிர எடுத்தது நீங்கதான?"

"அப்ப நீ சொல்லல. இப்ப சொன்னா நான் பொய் சொன்னவனாயிடுவேன். இந்த ஊட்ல சேரசொல்ல ரெண்டு திருட்டு பண்ணினவன்னு சொல்லித்தான் சேந்தேன். துணிக்கட ஒண்ணு, பட்டு ஒண்ணு."

"ஆனா நீங்க பட்டு திருடலியே!"

"நான் அந்தப் பொட்டலத்தக் குடுக்கறவரைக்கும் அது சேதாரம் மாப்ளே. ஊருக்கே அது ஞாயமா இருந்துச்சு. நான் குடுத்தப்புறம்தான் அது திருட்டாச்சு. அப்ப திருட்டு யாரு பண்ணது?" வாய்க்காலில் காலை அலம்பிக்கொண்டே கேட்டார். உண்மையாகவே அப்படி நம்பித்தான் கேட்டார். "இங்க நல்லாத்தான் இருக்கேன். இந்த ஊட்டம்மா தெனம் வந்து மூட்டைய எண்ணிட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் கொறயில்ல. நீ போயி என் தங்கச்சிய நல்லா வெச்சுக்கோ."

எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அவரோடு பேசி யார் ஜெயித்தது? கடைசியில், இந்த மனிதரோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது என்று கத்திவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

மச்சான் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. முதலாளியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னபோதும், அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது என்றுதான் சொன்னேன். அது பாதிதான். "போகாத" என்று அவர் சொன்ன அந்த நொடியில் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. எரிச்சலும் வாதமும் கத்தலும் அதற்குப் பிறகு வந்தவை. அன்றைக்குத் திரும்பி ஊருக்குள் நுழைந்து முதலாளி வீட்டைத் தாண்டும்போது அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் பெடலை அழுத்தி மிதித்தேன்.